உதடு பார்த்துப் படித்த வருஷம்

போன மாதம் பாகூர் கல்யாண மண்டபத்தில், பந்தியில் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டீர்கள். அப்படிக் கேட்டால் நான் எந்த உதட்டைப் பார்ப்பேன்? ஒருத்தி வாயில் அப்பளம் நொறுங்குகிறது. ஒருத்தி சிரித்துக்கொண்டே பேசுகிறாள். ஒருத்தி மருமகள் பக்கம் திரும்பிக்கொண்டு என்னைக் கேட்கிறாள். தலை நரைத்த என் ஐந்தாம் வகுப்புத் தோழிகளே, கேள்வி மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது.

"நீ ஏன்டி அஞ்சாவதுல பாதியிலியே நின்னுட்ட?"

பதிலையும் நீங்களே சொல்லிக்கொண்டீர்கள். மஞ்சள் காமாலை என்றாள் ஒருத்தி. சீக்கிரமே வயசுக்கு வந்துட்டியாமே என்றாள் இன்னொருத்தி. காரைக்காலில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கப் போய்விட்டதாகத் தன் அம்மா சொன்னாள் என்றாள் மூன்றாமவள். நான் சிரித்துக்கொண்டே பாயசத்தை வழித்துக் குடித்தேன். அந்தப் பொய்கள் எதையும் ஊர் கட்டவில்லை. எல்லாம் எங்கள் வீட்டில் செய்து அனுப்பியவை, கேட்கிற ஆளுக்குத் தக்கபடி ஒவ்வொன்று. எனக்குக் காது கேட்காது என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து என்னை ஏன் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்பதுதான் தெரியாது. பந்தியில் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் மிஷின் உங்களுக்கு நினைவிருக்கும். ஊரில் அதை ரைஸ்மில் என்று யாரும் சொன்னதில்லை, மிஷின்தான். அப்பா மிஷின்காரர், அம்மா மிஷின்காரர் சம்சாரம், நான் மிஷின்காரர் வீட்டுப் பெண். மிஷினுக்குப் பின்சுவர்தான் எங்கள் வீட்டுக்கு முன்சுவர். அது ஓடும்போது அடுக்கில் இருக்கும் பித்தளைத் தம்ளர்கள் மெல்ல நடந்து ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். சூடான தவிட்டின் வாசம், கொஞ்சம் இனிப்பாக, கொஞ்சம் எண்ணெயாக, தலையணை வரை ஏறியிருக்கும். அப்பாவின் இமைமுடிகூட வெள்ளை. சாயங்காலம் முகம் கழுவிய பிறகுதான் அவருக்கு வயது குறையும்.

ஓடுகிற மிஷினோடு தொண்டை போட்டிபோட முடியாது. ஆகவே உள்ளே யாரும் கத்துவதில்லை. குரலை எடுத்து வைத்துவிட்டு உதட்டை மட்டும் அகலமாக, நிதானமாகத் திறந்து சொல்வார்கள். கூடவே கை. கட்டை விரலால் மற்ற விரல்களைத் தேய்த்தால் தவிடு. பல்லைத் தட்டிக் காட்டினால் நெல்லில் கல் இருக்கிறது. மூடிய கையை மார்போடு ஒட்டிக்கொண்டால் நெல் கொண்டுவந்திருப்பவர் கஞ்சன். அந்தக் கஞ்சன் மூட்டைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார், பாவம். அம்மாவும் அப்பாவும் அவர் தலைக்கு மேலேயே அவரைப் பற்றி முழுக்கதை பேசிச் சிரித்துக்கொள்வார்கள்.

நான் பிறந்து வளர்ந்தது இதற்குள். பேச்சு என்பது பார்க்கிற பொருள் என்றுதான் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். விளக்கை அணைத்தால் பேச்சும் அணைந்துவிடும், இருட்டில் மனிதர்கள் பேசமாட்டார்கள் என்று ஒரு வயதில் உறுதியாக நம்பியிருந்தேன்.

நான்காம் வகுப்பு மழைக்காலத்தில், பம்புசெட் தொட்டியில் விழுந்து விழுந்து குளித்ததில் காதில் சீழ் வந்தது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை வெதுவெதுப்பாக விட்டு, பஞ்சு வைத்து அடைத்தார்கள். வலி போனது. சீழ் போகவில்லை, வருவதும் நிற்பதுமாக இருந்தது. தவிட்டுத் தூசி போயிருக்கும் என்றார் அப்பா. மிஷினில் வேலை செய்கிற எல்லார் காதிலும் பஞ்சு இருக்கும், அப்பா காதிலும்தான். அதனால் என் காதுப் பஞ்சை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்தாம் வகுப்புக்கு நமக்குப் புது டீச்சர் வந்தது ஞாபகமிருக்கிறதா? அதுவரை இருந்த டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து நம் முகத்தைப் பார்த்துப் பாடம் சொன்னவர். புது டீச்சர் நின்றுகொண்டே இருப்பார், கரும்பலகையில் எழுதிக்கொண்டே அதனிடமே பேசுவார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய பின்னலும் முதுகில் வேர்வைத் திட்டும். நான் உயரம் என்று கடைசி பெஞ்சு. பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்க்கும்போதுதான் என் முறை வந்திருக்கிறது என்று தெரியும். எழுந்து நிற்பேன். கேள்வி என்னவென்று தெரியாது. நீங்கள் சிரிப்பீர்கள். சிரிப்பு பார்க்கக் கிடைக்குமே, நானும் சிரிப்பேன். அதுதான் அவருக்குக் கோபம். கொடிக்கம்பத்தருகே வெயிலில் நிறுத்திவைப்பார்.

ஒருநாள் அப்பாவை வரச்சொன்னார்கள். தவிட்டுச் சட்டையோடு வந்து வாசற்படிக்கு வெளியே நின்றார். டீச்சர் அவரைப் பார்த்துப் பேசியதால் எனக்கும் தெரிந்தது.

"பொண்ணுக்குப் புத்தி கொஞ்சம் மந்தம்ங்க. திரும்ப நாலாவதுலயே ஒரு வருஷம் உக்காரட்டும்."

அப்பா என் பையை எடுத்துக்கொண்டார். வீடு வரை என் கையை விடவில்லை. மிஷினுக்குள் நுழைந்ததும்தான் வெடித்தார்.

"எம் பொண்ணா மந்தம்? ஓடுற மிஷினு நடுவுல நான் கண்ணக் காட்டுனா போதும், இன்னா வேணும்னு எடுத்தாந்து குடுக்குது. எந்தப் புள்ள செய்யும் அப்பிடி? அந்தம்மாவுக்குச் சொல்லித் தரத் தெரியல."

அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். "நான் சொல்லித் தர்றன்."

அந்த மூன்று சொற்களுக்குள் என்ன இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. அம்மா பதினோராம் வகுப்பு முடித்தவள். டீச்சர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் பெண் பார்க்க வந்தார்கள். கல்யாணம் பண்ணிக்கிட்டுப் படிக்கட்டுமே, நாங்க இன்னா வேணாம்னா சொல்லப் போறோம் என்றார்களாம் மாப்பிள்ளை வீட்டில். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மிஷின் ஓடியது, நான் பிறந்தேன், யாரும் சொல்லாமலே படிப்பு நின்றுபோனது. இது எனக்குத் தெரிந்தது அவள் இறந்த பிறகு, பெரியம்மா வாயிலிருந்து.

மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கு வரவில்லை. நெல் அரைக்க வருகிறவர்கள் கேட்பார்கள். அம்மா ஒருவருக்குக் காமாலை என்பாள், ஒருவருக்குக் காரைக்கால் என்பாள். நான் அங்கேயே மூட்டைமேல் உட்கார்ந்திருப்பேன், அது வேறு. "ரெண்டு நாளு முன்னாடிதான் வந்துச்சி காரைக்கால்லேர்ந்து" என்று கூசாமல் சொல்வாள். மந்தம் என்ற சொல் வீட்டு நிலைப்படியைத் தாண்டி வெளியே போய்விடக் கூடாது. பெண் பிள்ளை, நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்குத்தான் அத்தனை காரணங்கள்.

பள்ளிக்கூடம் எங்கே நடந்தது என்றால், மிஷினுக்குள்ளேயே. முறத்தில் தவிட்டைப் பரப்பி அதில் விரலால் எழுதுவேன். தப்பென்றால் அம்மா ஒரு குலுக்குக் குலுக்குவாள், தப்பு போய்விடும். படியிலும் ஆழாக்கிலும் பின்னம். வந்த நெல்லுக்கு அரிசி எவ்வளவு தேறும் என்பது வகுத்தல். தரையில் உமியைக் குவித்து மேற்கே மலை, கையால் கோடிழுத்து ஆறு, தம்ளர் தண்ணீரை ஊற்றி வங்காள விரிகுடா. விரிகுடாவை மூட்டைக்காரர் ஒருவர் மிதித்துவிட்டுப் போனார். அம்மா இடுப்பில் கைவைத்து, குரலில்லாமல், வாய் நிறைய அவரைத் திட்டினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சோழர் சண்டை, பிரெஞ்சுக்காரர் வந்தது எல்லாம் எனக்கு அவள் உதட்டிலும் கையிலும்தான் நடந்தது. ராஜாவுக்கு ஒரு நெஞ்சு நிமிர்வு, கப்பலுக்கு உள்ளங்கை ஆட்டம், கவர்னருக்குத் தலையில் ஒரு தொப்பி கவிழ்ப்பு. என் முகத்துக்கு நேரே குந்தி உட்கார்ந்து, ஒரு சொல்லைக்கூட விழுங்காமல், அகலமாக, மெதுவாகச் சொல்வாள். மிஷின் ஓடுகிற இடத்தில் வேறெப்படிச் சொல்ல முடியும்? உலகத்திலேயே எனக்குப் பொருத்தமான வகுப்பறை அதுவாகிப் போனது. வாய்ப்பாடு மளமளவென்று வந்தது. மந்தமாம் மந்தம் என்று அப்பா போகிற போக்கில் என் தலையைத் தட்டிவிட்டுப் போவார்.

அம்மா அழகாக இருந்த வருஷம் அது. விடிவதற்குள் வீட்டு வேலையை முடித்து, தலைவாரிப் பூ வைத்து, புடவைக் கொசுவத்தை நீவிவிட்டுக்கொண்டு மிஷினுக்குள் வருவாள். வாடிக்கைக்காரர் யாராவது குறுக்கே பேச வந்தால் உள்ளங்கையை நீட்டி நிறுத்துவாள், கிளாஸ் நடக்குது. அதற்கு முன்னும் பின்னும் அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

என் காதிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிப் போன வருஷமும் அதுதான். முதலில் போனது மழை. தகரக் கூரையில் அது பெய்வதை ஜன்னல் வழியாகப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. மழை இந்த வருஷம் மெதுவாகப் பெய்கிறது, அவ்வளவுதான்.

ஆடி மாதம் வீராம்பட்டினம் தேருக்குப் போனோம். கூட்டத்தில் அப்பாவின் கையை விட்டுவிட்டு, பலூன்காரன் பின்னாலேயே மணலில் இறங்கி, கடல்வரை போய்விட்டேன். கடல் வந்து வந்து போனது, சத்தமே இல்லாமல், பால் பொங்கிப் பொங்கி அடங்குவது மாதிரி. அம்மன் தேரேறினால் கடல் வாயை மூடிக்கொள்ளும் போல என்று நினைத்துக்கொண்டேன். பின்னாலிருந்து யாரோ என் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். அப்பா. முகமெல்லாம் வேர்வை.

"கூப்புட்டுக் கூப்புட்டுத் தொண்டத் தண்ணி வத்திப்போச்சி. காதுல வுழல?"

"நீ முன்னாடி வந்து சொல்லலியேப்பா."

அவர் கோபம் உடைந்து சிரிப்பானது. மூச்சிரைக்க வந்துசேர்ந்த அம்மாவிடம் திரும்பினார். "கேட்டியாடி? முன்னாடி வந்து சொல்லணுமாம், கலெக்டரம்மாவுக்கு!"

"தேர்ச் சத்தத்துல யாருக்குத்தான் காது கேக்குது? வுடு" என்றாள் அம்மா.

சுத்துக்கேணி அத்தை வந்தால் இன்னும் வெளிப்படை. அப்பாவின் அக்கா, வாய்த்துடுக்கு. வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, எல்லாருக்கும் நடுவில் நின்று சொல்வாள். "மிஷின்காரன் வூட்டுல ஒரு பய திரும்பிப் பாக்குறானா பாரு. எல்லாம் செவுட்டுக் கூட்டம்டியம்மா!" அப்பா சிரிப்பார், அம்மா சிரிப்பாள். அத்தை என்னைப் பார்த்துச் சொன்னதால் நானும் சிரிப்பேன். உண்மை எங்கள் கூடத்துக்கு நடுவிலேயே வந்து நின்றுவிட்டுப் போனது. அதற்கு நாங்கள் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினோம்.

தை அறுப்பு முடிந்து மிஷின் வாசலில் மூட்டை வரிசை தெருவரை நின்ற ஒருநாள், டிரான்ஸ்பார்மர் வெடித்து கரண்ட் போனது. வரப் பொழுதாகும் என்றார்கள். மூட்டை கொண்டுவந்தவர்கள் போகவும் மனமில்லாமல் மூட்டைகள் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்துத்தான் டீச்சர் வந்தார். நல்ல மனதோடுதான் வந்தார், அதைச் சொல்லிவிட வேண்டும்.

"முழுப் பரீட்சைக்காவது அனுப்புங்க. இல்லாட்டி பேர எடுத்துடுவாங்க. கொழந்த படிப்பு வீணாப் போயிடும்."

"வீணால்லாம் போவல" என்றாள் அம்மா. "கேட்டுப் பாருங்க. இன்னா வேணா கேளுங்க."

டீச்சர் என் முன்னால் உட்கார்ந்து கேட்டார். பதினாறாம் வாய்ப்பாடு சொன்னேன். ஆறுகளைச் சொன்னேன். கவர்னரைச் சொல்லும்போது கையால் தொப்பி கவிழ்த்தேன், மூட்டை மேலிருந்தவர்கள் சிரித்தார்கள். டீச்சர் முகம் மாறிக்கொண்டே வந்தது. இவ்வளவும் தெரிந்த பெண்ணையா வெயிலில் நிறுத்தினோம் என்ற முகம். அம்மா அதைப் பார்த்தாள். அதைப் பார்க்க அவள் எத்தனை காலமாகக் காத்திருந்தாளோ.

"டிக்டேஷனும் எழுதுவா" என்றாள். அதுவரை எனக்கு டிக்டேஷன் வைத்ததே இல்லை. மிஷின் இரைச்சலில் டிக்டேஷன் எப்படி வைப்பது? ஆனால் டிக்டேஷன் இல்லாமல் பள்ளிக்கூடம் ஏது? வீட்டிலிருந்து சிலேட்டும் பலப்பமும் வந்தன. அம்மா என் பாடப்புத்தகத்தைக் கையில் எடுத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நிஜ டீச்சர்கள் நடப்பதுபோல, எனக்குப் பின்பக்கம் போய் நடக்கத் தொடங்கினாள்.

நான் பலப்பத்தோடு காத்திருந்தேன்.

எதிரே டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துப் புன்னகைத்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை போல. நின்றுபோன மிஷினிலிருந்து கொஞ்சம் தவிடு உதிர்ந்து வெயிலில் இறங்கியது. மூட்டை மேலிருந்தவர்களில் ஒருவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். அப்பா மோட்டார் பக்கத்திலிருந்து கிரீஸ் கையோடு எழுந்து நின்றார். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். வகுப்பில் நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்களே, அதே மாதிரி. என் முறை வந்துவிட்டது என்று புரிந்தது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

நான் திரும்பினேன். அம்மாவின் வாய் திறந்து, ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றிருந்தது. சிலேட்டைப் பார்த்தாள். வெறும் சிலேட்டு. என்னை மறுபடி முன்பக்கம் திருப்பி உட்காரவைத்தாள். கொஞ்ச நேரம் ஆனது. என் முதுகுக்குப் பின்னால் அவள் என்ன செய்தாள் என்று பிற்பாடு அப்பா சொன்னார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம். பிறகு இன்னும் சத்தமாக. பிறகு தெருக்கோடிவரை கேட்கும்படி. ஓட்டமில்லாமல் அமைதியாகக் கிடந்த மிஷினுக்குள் அந்தப் பெயர் மோதி மோதித் திரும்பியதாம். எனக்குத் தெரிந்தது, டீச்சர் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டது மட்டும்.

புதுச்சேரி ஆஸ்பத்திரி டாக்டருக்கு அடர்த்தியான மீசை. நான் படிக்க முடியாத முதல் வாய் அது. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இரும்புக் கவை ஒன்றை அதிரத் தட்டிக் காதுக்குப் பின்னால் வைத்தார். இடது பக்கம் ஒன்றுமில்லை. வலது பக்கம், எங்கோ தூரத்து வயலில் பம்புசெட் ஓடுவது மாதிரி ஒன்று இருந்தது. கையைத் தூக்கினேன். அவர் தலையாட்டினார். பிறகு அப்பாவிடம் திரும்பிப் பேசினார். அப்பாவின் உதடுகள் மட்டும் எனக்குக் கிடைத்தன.

"வூட்டுல எல்லாத்துக்கும் பதில் சொல்லுதுங்க... இல்லீங்க... நல்லாத்தான் படிக்குது... எங்களுக்கு எப்பிடிங்க தெரியும்..."

உள்ளே எலும்புவரை அரித்துவிட்டது, ஆறேழு மாதம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம். டாக்டர் சொன்னது இதுதானாம். ஆறேழு மாதம் முன்னால் அம்மா கிளாஸ் நடத்திக்கொண்டிருந்தாள்.

பாகூர் பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்தார்கள். அப்பா பின்னால் நின்றுகொண்டு வந்தார். கிருமாம்பாக்கம் தாண்டியதும் அம்மா என் பக்கம் திரும்பினாள். பசிக்குதா என்று கேட்டாள். நான் அதைப் பார்த்தேன். அவள் வாயருகே என் முகம் இருந்தது, ஆனால் மூச்சு மட்டும்தான் வந்தது. மிஷினில் பேசுவதுபோல, குரலை எடுத்து வைத்துவிட்டுப் பேசினாள். அதுவரை வீட்டில் அப்படி இல்லை. மிஷின் நின்ற நேரங்களில், கூடத்தில், சோறு போடும்போது, அவள் குரலின் அடிப்பகுதி கொஞ்சம் என்னிடம் வந்துகொண்டுதான் இருந்தது, உதட்டோடு ஒட்டிக்கொண்டு. அதைத்தான் நான் கேட்பது என்று நினைத்திருந்தேன்.

"சத்தமா சொல்லும்மா. கொஞ்சம் கேக்கும்" என்றேன்.

என் குரலின் அளவு எனக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். பொத்திய கையை எடுக்காமலே என்னை மடியில் சாய்த்துக்கொண்டாள். அவள் வயிறு குலுங்கியது. ஊர் வரும்வரை அப்படியே வந்தோம்.

அதற்குப் பிறகு முறத்தில் தவிடு பரப்பவில்லை. ஜூன் மாதம் டவுனில், காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியில் சேர்த்தார்கள். இந்த முறை யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேசுங்கள், கேட்டாலும் கேட்காவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து குரல்கொடுத்துப் பேசுங்கள் என்று அங்கே சொன்னார்கள். அப்பா பேசினார். என் வலது காதருகே குனிந்து ஊர்க்கதை எல்லாம் முழங்கினார். அம்மாவால் முடியவில்லை. என் பெயரை அன்று மிஷினுக்குள் கத்தியதோடு, என்னை நோக்கிய அவள் குரல் தீர்ந்துவிட்டது. மாதாமாதம் வருவாள். தூக்கில் எள்ளடை கொண்டுவருவாள். என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, அகலமாக, மெதுவாக, அழகாக, வெறும் உதட்டால் பேசுவாள். மறுவருஷ மழைக்குள் வலது காதில் ஓடிய பம்புசெட்டும் நின்றுவிட்டது.

அது நிற்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா விடைபெற்றுப் போனதும், விடுதியைப் பார்த்துக்கொள்கிற அக்கா என் எதிரே வந்து நின்றார். எனக்குத் தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"உங்கம்மாவுக்கும் பேச்சு வராதா?"

நான் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினேன். கேட்டருகே அம்மா காவல்காரரிடம் பஸ் நேரமோ எதுவோ விசாரித்துக்கொண்டிருந்தாள். காற்றுக்கு முந்தானையை இழுத்துப் பிடித்திருந்தாள். அவள் கழுத்து நரம்பு ஏறி ஏறி இறங்குவது அங்கிருந்தே தெரிந்தது.